தச்சர் சொல்லித் தெரிஞ்ச இடமாற்றம்

டைப்பிஸ்ட்டுன்னா அவ்வளவு இளக்காரமாம்மா? இருபத்தாறு வருஷமா இதே நாற்காலி. என் செக்‌ஷனையே ஊருக்கு வெளியில இருக்கற கிடங்குக் கட்டடத்துக்கு மாத்தியிருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. யாரு சொல்லித் தெரிஞ்சுது தெரியுமா? தச்சர். இன்னிக்குக் காலையில டேப்பை எடுத்துக்கிட்டு வந்து என் மேசையை அளக்கறார். என்னய்யான்னு கேட்டா, "லாரியில ஏறுமான்னு பாக்கறேன்க்கா, திங்கக்கிழமையில இருந்து நீங்க அங்கதானே"ங்கறார்.

நீ உக்காரும்மா. உன் பிறப்புச் சான்றிதழ் எங்க ஓடிடப் போகுது, அதான் நீ பொறந்தாச்சே.

அங்க போக ரெண்டு பஸ் மாறணும். இங்கேன்னா மதியம் ஒரு எட்டு வீட்டுக்குப் போய், படுக்கையில கிடக்கற அம்மாவுக்குச் சோறு ஊட்டிட்டு வந்துடுவேன். அங்கிருந்து கிளம்பி வந்தா அது ராத்திரிச் சோறுதான்.

நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். "மாத்தறது உங்க இஷ்டம் சார், சொல்றது உங்க கடமை இல்லையா?"ன்னேன். "அறிவிப்புப் பலகையில ஒட்டினோமே"ங்கறார். பலகைக்கு முன்னாடி பீரோவை நிறுத்தி வெச்சிருக்காங்க, எட்டிப் பாக்க நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா? மெயில்லயும் போட்டாங்களாம். எங்க செக்‌ஷன் மெயிலோட பாஸ்வேர்டு பழைய ஹெட்கிளார்க் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் ரிட்டயராகி ரெண்டு வருஷம். ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணுமாம், அதுவும் நேத்தோட முடிஞ்சுதாம். தெரியாத விஷயத்துக்கு எப்படிம்மா ஆட்சேபணை எழுதறது? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு.

கடிகாரத்தை ஏம்மா பாக்கற, இன்னும் கேளு.

மேனேஜர் அந்த ஆர்டரை எடுத்து மேசையில வெச்சார். கடைசி வரிக்குக் கீழ, ஓரமா, டைப் அடிச்சவங்க பேரோட ரெண்டெழுத்து இருக்கும்ல... என்னுதும்மா. நான் அடிச்சதுதான். பதினாலு காப்பி.

அதுக்கென்ன? அடிக்கறவ படிச்சுக்கிட்டா இருப்பா? கண்ணு தாள்ல, விரல் கீபோர்டுல, மனசு வீட்டுல. அப்பத்தான் வேகம் வரும். தபால்காரர் என்ன, கவரைப் பிரிச்சுப் படிச்சுட்டா கொடுக்கறார்? எங்க எழுந்திரிக்கற, முடிச்சிடறேன் இரு. "சார், அடிச்சது வேற, தெரிஞ்சது வேற. இன்னும் ஒரே ஒரு நாள் கொடுங்க, ஆட்சேபணை எழுதித் தரேன்"னேன்.

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொல்றார்: "பலகையில ஒட்டறதுக்கு முந்தின நாளே நீங்க அடிச்சுக் கொடுத்துட்டீங்க. மத்தவங்களுக்குத்தாம்மா பதினஞ்சு நாள். உங்களுக்குப் பதினாறு இருந்துது."