விடு, நிறுத்து

சோதனை அறையில் இருந்தவர்கள்:

கமாண்டர். இந்த அமைப்பைக் கடற்படை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று கையெழுத்திடுபவர்.
பொறியாளர். வானில் வரும் ஏவுகணைகளைக் கப்பல்கள் சேர்ந்து தடுக்கும் நிரலை எழுதிய பெண்.
கழுகு. திரைக்கு முன் உட்கார்ந்து அதை இயக்கும் கடற்படை வீரர். கூர்மையான பார்வைக்காக வந்த பட்டப்பெயர்.
கதவு. வெளியே போக எதுவும் கேட்காது. உள்ளே வர அட்டை வேண்டும். பூட்டும்போது பேசும்.

— அப்போ பயணி விமானம்னு தெரிஞ்சேதான் அமுத்தினே?

— தெரிஞ்சேதான் சார்.

— யோவ் கழுகு, நூத்தி எண்பது பேருய்யா!

— கம்ப்யூட்டர் காட்டின பொம்மை விமானம்தான் சார். ஆனா நிஜம்னு நெனச்சுத்தான் உட்கார்ந்திருந்தேன். காலையிலேர்ந்து சோறு இறங்கல.

— சுருக்கமா முடிச்சிடலாம். 'இயக்கியவர் தவறு.' அமைப்பு தேறிடுச்சு. கப்பல்ல உன் சீட்டுக்கு வேற ஆள். உன் அட்டையை மேஜை மேல வை.

— ஒரு நிமிஷம் சார்.

— உங்களுக்கு என்ன மேடம் கவலை? உங்க வேலை பிரமாதம். ரெண்டு கப்பல் ராடார் பார்த்ததை ஒரே படமாக்கி, எந்தக் கப்பல் எதை அடிக்கணும்னு பிரிச்சுக் கொடுத்து, மூணு ஏவுகணையையும் கடல்லயே இறக்கிடுச்சு. நான் மூக்கைச் சொறிஞ்சு முடிக்கல.

— அது மூணும் தண்ணிய ஒட்டி வேகமா வந்துச்சு. அந்த மாதிரி வந்தா அதுவே அடிக்கும். சந்தேகம்னாதான் மனுஷனைக் கேட்கும். நாலாவதைக் கேட்டுச்சு. அது விமானம்னு என் அமைப்புக்குத் தெரியல சார். அண்ணன் நாலே செகண்டுல கண்டுபிடிச்சார். ஒரு நிமிஷம், பதிவைப் போடறேன், கேளுங்க.

— 'ஏறிக்கிட்டே போகுது பாரு. அடிக்க வர்றவன் இவ்வளவு சாவகாசமா ஏற மாட்டான். பயணி விமானம். விடு, விடு.'

— என் குரல்தான்.

— 'விடு'ன்னு வாய் சொல்லுச்சு, 'விடு'ன்னு எழுதியிருந்த பொத்தானைக் கை அமுத்திடுச்சு. அந்தப் பொத்தான் ஏவுகணையை விடறதுக்கு சார்.

— இதுக்கு முன்னாடி நாப்பது சோதனையில சரியாத்தானே அமுத்தினான்?

— நாப்பது தடவை எதிரி வந்தான் சார், விட்டேன். இன்னிக்கு விமானம் வந்துச்சு, விட்டேன்.

— ரெண்டும் ஒண்ணாய்யா?

— பொத்தானுக்கு ஒண்ணுதான் சார்.

— ஏவுகணையைப் போகாம தடுக்கப் பக்கத்துலயே 'நிறுத்து'ன்னு இருக்கே. அதை அமுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?

— போற விமானத்தை நான் எதுக்கு சார் நிறுத்தணும்?

— இதுக்குப் பேரு வச்சது யாரு மேடம்?

— நான்தான். மூணு மாசம் இவங்க பின்னாடி உட்கார்ந்து பேசறதையெல்லாம் குறிச்சேன். 'ரெண்டு விடு', 'இன்னொண்ணு விடு'ன்னுதான் சொல்வாங்க. அண்ணன் வாயிலேர்ந்து எடுத்த வார்த்தை.

— என் பொண்டாட்டியே என் வாயை நம்பறதில்ல தங்கச்சி. நீ நம்பிட்டே.

— சுருக்கமா சொல்லுங்க. மாத்த எவ்வளவு நாள்?

— வார்த்தைக்கு அஞ்சு நிமிஷம். மாத்தினா எல்லாச் சோதனையும் முதல்லேர்ந்து. மூணு மாசம்.

— கப்பல் துறைமுகத்துல நின்னுக்கிட்டு இருக்கு மேடம்!

— என் பேர்லயே எழுதிடுங்க சார், நான் போறேன். வார்த்தையை மட்டும் சத்தமில்லாம மாத்திடுங்க.

— சும்மா இருங்கண்ணே. ஆள் தப்புன்னு எழுதினா ஆளைத்தான் மாத்துவாங்க. வார்த்தை அப்படியே கிடக்கும். அது முன்னாடி அடுத்தவன் வந்து உட்காருவான்.

— அடுத்தவனுக்கு எடுத்துச் சொன்னாப் போதும். தெரிஞ்சவன் எப்படி ஏமாறுவான்? எழுந்திருய்யா, நானே உட்கார்றேன். இந்த மாதிரி சீட்டைப் பன்னெண்டு வருஷம் தேய்ச்சவன்தான் நானும். மேடம், புதுசா ஒண்ணு போடுங்க.

— போட்டாச்சு சார்.

— வருது. ஒண்ணு, ரெண்டு... அடிச்சிடுச்சு! மூணாவது அதுங்களுக்குப் பின்னால ஒளிஞ்சு வருது. அடேயப்பா, அந்தக் கப்பல் பார்த்து இந்தக் கப்பலுக்குச் சொல்லிடுச்சு! மேடம், இதைச் செஞ்ச கைக்கு... இரு, கேட்குது. இவன் எதிரி. விடு. போச்சு. அடுத்தது. இது என்ன, ஆடி அசைஞ்சு ஏறுது? பயணி விமானம்யா! விடு, விடு!

— சார்.

— ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கறீங்க?

— பொத்தான்லேர்ந்து கையை எடுங்க சார்.

— அடக் கடவுளே, 'விடு'வையா அமுத்தினேன்?

— இந்தத் தடவை இருநூத்திப் பத்து பேரு.

— வேற என்ன வார்த்தை இருக்கு?

— 'அடி'ன்னு போடலாமா?

— வேண்டாம் தங்கச்சி. திரை பூரா உயரம் அடிக்கணக்குலதான் ஓடுது. குழம்பிடுவான். 'சுடு'ன்னு போடு. இன்னொண்ணு 'போகட்டும்'.

— சுடு. போகட்டும். சரி, அதுவே இருக்கட்டும். கப்பல் மூணு மாசம் நிக்கட்டும். அறிக்கையை இப்படிக் கொடுங்க. பேனா.

— சார், 'இயக்கியவர் தவறு' வெட்டாம அப்படியே இருக்கே?

— இருக்கட்டும். கீழே படிங்க.

— 'இரண்டாவதாக இயக்கியவர்...' சார், இது உங்க பேரு.

— ரெண்டு பேரும் அமுத்தினது ஒரே வார்த்தைன்னும் எழுதியிருக்கேன். ஆளை மாத்தணும்னா என்னை முதல்ல மாத்தட்டும். மேலிடத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன். யோவ் கழுகு, உன் அட்டையை எடுத்துக்க.

— மேஜை மேல ரெண்டு அட்டை இருக்கு சார்.

— ஒண்ணு என்னோடது. அங்கேயே கிடக்கட்டும்.

— கதவு பூட்டப்பட்டது.