பெர்னாண்டஸ் வீட்டுப் பங்காளிகள்

பர்மாவில், இன்சீன் ஊருக்குப் போகும் வட்ட ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த மூத்தவர் பொருமினார்.

“பொண்ணோட சம்பந்தம் கலைஞ்சு போச்சு. நாங்களும் பெர்னாண்டஸ், அவங்களும் பெர்னாண்டஸ். பங்காளி முறையாயிடுச்சே!”

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பெர்னாண்டஸ்னா பெர்னாண்டோவோட மகன்னு அர்த்தமாம், அக்கா. அந்தக் காலத்துல போர்ச்சுகல் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்து, ஊருக்கே அந்தப் பேரை வச்சுட்டாராம். பெர்னாண்டோவை நம்ம ஆளுங்க யாரும் பார்த்ததுகூட இல்ல.”

“பார்க்கலைன்னா அப்பன் இல்லன்னு ஆயிடுமா? அண்ணன் தங்கச்சிக்கு எப்படிக் கல்யாணம் பண்றது?”

“உங்க பொண்ணு என்ன சொல்லுது?”

“பர்மாக்காரப் பையன் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நிக்கிறா. அவங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாதாம். முறை பார்க்கிற தொல்லையே இல்லையாம்.”