கால்நடைச் சட்டத்துக்குள் கிடைத்த என் மகள்

நீதியின் நிழலில் நின்று இந்தப் புதிய சட்ட நூலகத்தைத் திறந்துவைத்த நீதிபதி விட்கம் அவர்களே! வாதாடி வாதாடித் தொண்டை வறண்ட மார்லோ கவுண்டி வழக்கறிஞர்களே! அவர்களை வீட்டில் வாயே திறக்கவிடாத மனைவிமார்களே! பெரியோர்களே! பெற்ற தாய்மார்களே! என்னைப்போல் பெறாமல் வளர்த்த தாய்மார்களே! ரொட்டி சுடும் அடேலா பிராண்டின் அன்பு வணக்கம்.

நூலகத் திறப்புவிழாவில் ரொட்டிக்காரிக்கு என்ன வேலை? சொல்கிறேன்.

தாயும் தந்தையும் இல்லாத ஹேட்டியை நான் வளர்த்தேன். திடீரென்று அவள் சித்தப்பா வந்து, "என் ரத்தம், எனக்கே வேணும்" என்று வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடிய பிங்கம் ஐயா, சட்டக் களஞ்சியத்தின் தடித்த தொகுதியைத் திறந்து முழங்கினார்: இரத்த உறவு இருக்கையில், வளர்த்தவளுக்கு உரிமை இல்லை! என் உயிரே போய்விட்டது.

என் வக்கீல் லொரீனா எழுந்தார். "ஐயா, பின்னட்டையைப் பாக்கச் சொல்லுங்க."

தடித்த தொகுதியை ஆண்டுதோறும் அச்சிட முடியுமா? முடியாது! ஆகவே புதுத் தீர்ப்புகளைச் சொல்லும் மெல்லிய இணைப்பு, பின்னட்டைப் பையில் வந்து அமரும். அன்று பை காலி!

"இணைப்பு எங்கய்யா? எதிர்த்தாப்புல டோரிஸ் சாப்பாட்டுக் கடைக்கு ஆப்பிள் பை தின்னப் போயிருச்சா?" என்றார் அன்றைய நீதிபதி.

சிரிக்கிறீர்களா? வக்கீல்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லையே! தொகுதி கனம் என்று இணைப்பை மட்டும் உருவிக்கொண்டு சாப்பிடப் போவதும், திரும்பி வந்து கைக்கெட்டிய தொகுதியில் செருகுவதும் உங்கள் வழக்கம்தானே?

நீதிபதியும் இரு வக்கீல்களும் பழைய நூலகத்தில் மண்டியிட்டுத் தேடினார்கள். நான் வாசலில் நின்றேன். கால்நடைச் சட்டத் தொகுதிக்குள் அது கிடைத்தது. கண்டெடுத்தவர் யார்? பிங்கம் ஐயா! படித்தார், முகம் மாறியது. மூடியிருக்கலாமா? மூடியிருக்கலாம்! யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒருவருக்கும் தெரிந்திராது!

"லொரீனாம்மா, இந்தாங்க. எனக்கு ஆகாத தீர்ப்பு ஒண்ணு இதுல இருக்கு."

நீதிபதி விடவில்லை. "இது வழி சொல்ற புத்தகம்தான். சட்டம் அந்தத் தீர்ப்புல இருக்கு. அதையே எடுங்க, படிப்போம்."

எடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது: இரத்தத்துக்கும் முன்னால் குழந்தையின் நலன்!

சித்தப்பா சீறினார். "நான் வக்கீல் வச்சது எனக்கா, அவளுக்கா?"

"உங்களுக்குத்தான். கண்ணால பாத்ததை மறைக்கிறதுக்கு இல்ல," என்றார் பிங்கம் ஐயா.

அதற்கப்புறம் நெடுநாள், சொந்தக் கட்சிக்காரரையே தோற்கடித்தவர் என்று, சித்தப்பா ஊர்ப் பக்கத்து விவசாயிகள் யாரும் அவரிடம் வழக்குக் கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும், ஹேட்டிக்கும் தெரியும்.

அன்பர்களே! களஞ்சியம் எழுதியவர்களுக்கு நன்றி. பின்னட்டை பார்த்த லொரீனாவுக்கு நன்றி. ஆனால் வென்றவர்களுக்கு மாலை போட ஊரே இருக்கிறது. தோற்றவருக்கு நான் இருக்கிறேன்! பிங்கம் ஐயா, நீங்கள் எழ வேண்டாம், முழங்கால் வலி எனக்குத் தெரியும். நாங்கள் எழுகிறோம். ஹேட்டி, எழுந்திரு மகளே! உன்னை என்னிடம் தந்தவருக்கு வணக்கம் சொல்!