விரல் வழியாகப் போகும் வலி

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியூருக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த நான்கு நாளும் விருந்தாளி மாதிரிதான் இருப்பார். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி என்னிடம் பில் கேட்பார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டைத் தானே எடுத்துப் போவார், அதுவும் குளியலறைப் பக்கமாக.

வீட்டில் அவர் பயிற்சி செய்த விவரத்தை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் நிரப்பிக் கொடுத்த பயிற்சி அட்டைக்கும் அவருடைய பாதத்துக்கும் பொருத்தமே இல்லை என்றீர்கள். இருக்காதுதான். நீங்கள் பிசியோதெரபி படித்தவர், சின்ன வயதிலேயே இவ்வளவு பொறுமையும் இருக்கிறது. உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

முதலில் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று உங்களுக்கே நினைவிருக்கும். வண்டியில் ஏறப் போனவர் பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பிலிருந்து இடது கால் விரல்வரை யாரோ சூட்டுக்கோலால் கோடு இழுத்த மாதிரி இருந்ததாம். முதுகுத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் முதுகெலும்பு டாக்டர். ஊசி போட்டார். கத்தி வைக்கத் தேவையில்லை, பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்று உங்களிடம் அனுப்பினார். லாரி முதலாளியும் நல்ல மனுஷர், மூன்று மாதம்வரை அவர் வண்டியில் வேறு டிரைவரை ஏற்றமாட்டேன் என்றார்.

நீங்கள் அழகாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். குனியக் கூடாது, மெத்தென்று எதிலும் உட்காரக் கூடாது. வலி பாதத்திலிருந்து மேலே ஏறி முதுகுக்கு வந்தால் நல்லது, முதுகில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். முதுகிலிருந்து கீழே இறங்கினால் கெட்டது, உடனே நிறுத்த வேண்டும். இதைச் சொன்னபோது அவர் சுவரில் இருந்த எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கியது நான்தான்.

ஐந்து வாரம் நான் உங்கள் சொல் தட்டவில்லை. அவரைக் கேட்டுப் பாருங்கள். வலி பாதத்தை விட்டது, கெண்டைக்காலை விட்டது, தொடைக்கு வந்தது. அதற்குள் மனுஷர் வீட்டை ஒரு புது ஊரைப் போலச் சுற்றிப் பார்த்துவிட்டார். ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் எப்போது அடித்தாய் என்று கேட்டார். அடித்து ஒன்பது வருடம். மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பார். சட்டையைத் தார்ப்பாய் மடிப்பது போல மடிப்பார், கயிறு மட்டும்தான் கட்டவில்லை. நான் அவ்வளவு சிரித்து எத்தனையோ வருடம் ஆகிறது.

ஆறாவது வாரம் தெருமுனைவரை தனியாக நடந்து போய் வந்தார். வந்ததும் முதலாளிக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் வண்டியை எடுத்துவிடுவேன் என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு வெளிச்சம். நான் நாள்காட்டியில் மீதி நாளை எண்ணினேன்.

மறுநாள் பழைய பஞ்சு மெத்தையை எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான் செய்தேன். அடுத்த வாரம், பயிற்சியை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். உட்கார்ந்து, காலை நீட்டி, குனிந்து விரலைத் தொட வேண்டும், காலையில் முப்பது தடவை, மாலையில் முப்பது தடவை. ஒரு நாள்கூடத் தவறவில்லை அவர். சொன்ன நேரத்துக்குச் சரக்கை இறக்கிப் பழகியவர் இல்லையா. வலி தொடையிலிருந்து மறுபடி முழங்காலுக்கு இறங்கியது. முகம் வெளிறிப்போய் என்னிடம் வந்து கேட்டார்.

"அது இறங்குதுன்னா வெளிய போகப் போகுதுன்னு அர்த்தங்க. விரல் வழியாப் போயிடும், பாருங்க."

நம்பிவிட்டார். எட்டு மாநிலத்துச் சாலையும் குண்டும் குழியுமாக மனப்பாடம், தன் உடம்பைப் பற்றி மட்டும் பச்சைக் குழந்தை. அன்றிலிருந்து வலி எங்கே வந்திருக்கிறது என்று லாரி கணக்கில் சொல்வார். இன்றைக்குக் கெண்டைக்கால் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது என்பார். நான் அட்டையில் 'கால் வலி: பூஜ்யம், முதுகு வலி: நான்கு' என்று எழுதுவேன். போனில் உங்களுக்கும் அதையே படிப்பேன். நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், குலுக்கல் ஆகாது என்று நான் சொன்னதும், அப்படியானால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது நீங்கள்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

ஒரு காலையில் கூடத்தில் ஒரு செருப்பு கிடந்தது. இடது காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் சமையலறைவரை நடந்து வந்திருக்கிறார்.

"வலியே இல்லம்மா. நீ சொன்ன மாதிரியே போயிடுச்சு. கால் இருக்கறதே தெரியல."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு அப்படி இறுக்கமாகப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

அட்டையின் அடியில் தடித்த எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே வர வேண்டும். தாமதித்தால் நரம்பு திரும்பாது. கூட்டிக்கூட்டிப் படித்தேன். பிறகு மடித்து என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பதினோரு நாள் வைத்திருந்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல பதினோரு நாள் இல்லை. பன்னிரண்டாம் நாள் குளியலறையில் விழுந்துவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்காவிட்டால் அது இன்னும் கொஞ்ச நாள் நீடித்திருக்கும்.

அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள், மற்றதெல்லாம் பிழைத்தது. இடது பாதம் மட்டும் இனி மேலே எழாது, கிளட்ச் மிதிக்க ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அந்தப் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையை வேளாவேளைக்கு மாட்டுவது யார், நகம் வெட்டுவது யார். வருகிறவர்கள் எல்லோரிடமும், இவள் இல்லையென்றால் நான் இல்லை என்று அவரே சொல்கிறார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேற்று முதலாளி போன் செய்தார். கிளட்சே இல்லாத வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம், வலது கால் மட்டும் இருந்தால் போதுமாம். என் வீட்டுக்காரர் முகத்தில் மறுபடியும் அந்த வெளிச்சம். வலது காலை உறுதியாக்க ஒரு பயிற்சி அட்டை எழுதித் தரச் சொல்லி உங்களிடம் கேட்கப் போவதாகச் சொன்னார்.

எதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன், இனி நமக்குள் நம்பிக்கைக்குக் குறைவு இருக்காது. அந்த அட்டையை என்னிடமே கொடுத்துவிடுங்கள். முன்பு போலவே நான் பார்த்துக்கொள்கிறேன்.