ஈயக்குட்டை இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோப்பேங் ஊரில், தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த செண்டோல் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சைக்கிள் உடையில் இருவர், முழங்கால்வரை செம்மண்ணோடு நின்றிருந்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். கூட இருந்த பெண்ணுக்கு நாற்பது இருக்கும்.

"அந்தக் குட்டைய நான் மொதல்ல பாக்கவே இல்ல," என்றார் அவர்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஈயம் தோண்டுன அவ்ளோ பெரிய குட்டை! கரையோரமாத்தானேண்ணே மலையிலருந்து இறங்குனோம்?"

"இடது கண்ணு சரியா தெரியல லா. கொஞ்ச மாசமாவே."

அவள் சிரிப்பு நின்றது. "இத்தன நாளும் நீங்கதானே முன்னால போறீங்க. சரளைக்கல்லு இறக்கத்துல என் மக உங்களுக்குப் பின்னால உங்க டயரையே பாத்துக்கிட்டு வாரா."

"தெரியும். இன்னிக்கு பாதை ஓரத்துக்கே போயிட்டேன். சக்கரம் சறுக்குனப்பதான் கீழ தண்ணி தெரிஞ்சிச்சு."

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா வீட்டுல உக்கார வச்சிருவீங்க. அந்தப் பாதையெல்லாம் நான் தேடிக் கண்டுபிடிச்சது."

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"நாளைக்கு ஈப்போவுல கண் டாக்டரப் பாக்குறோம். நானும் வாரேன். அவரு ஓட்டலாம்னு சொன்னா மட்டும் வாங்க. ஆனா இனிமே நான்தான் முன்னால போவேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்:

"பழைய ரப்பர் தோட்டம் தாண்டுனதும் ஒரு வளைவு வரும். அங்க முன் பிரேக்கப் புடிச்சிராத. கல்லு உருளும்."