ஓரகத்தி செய்த சேசிஸுக்கு ஒரு பொறாமைக்காரியின் வாழ்த்துரை

பல்லைப் பிடுங்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று, பழைய கார்களின் துருவைப் பிடுங்கும் தொழிலுக்கு வந்துவிட்ட எங்கள் சங்கத் தலைவர், டாக்டர் ஐயா அவர்களே! வயதில் தங்கள் வண்டிகளையும் மிஞ்சி, வாய்வேகத்தில் எல்லா வண்டிகளையும் மிஞ்சி வீற்றிருக்கும் பெரியோர்களே! "இந்த இரும்பை எப்போதுதான் வெளியே போடப் போகிறீர்கள்" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி, இன்று அதே இரும்புக்குக் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே! எனக்கு நேர் எதிரே அமர்ந்து, 'இவள் என்ன பேசித் தொலைக்கப் போகிறாளோ' என்று கண்ணாலேயே கேட்கும் என் மாமியார் அவர்களே! ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரே, அவருடைய தம்பியே! இந்த மேடையில் எனக்கு இடப்பக்கம், கையிலிருக்கும் கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருக்கும் இன்றைய விழா நாயகியே, என் ஓரகத்தியே! உங்கள் அனைவருக்கும் என் வயிற்றெரிச்சல் கலந்த வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வாழ்த்திப் பேச வந்தவள் வயிறு எரிகிறது என்கிறாளே என்று பார்க்கிறீர்களா? நான் மறைக்க மாட்டேன். பொறாமைப்படுகிறேன்! பொழுது விடிந்தால் பொறாமை, பொழுது போனால் பொறாமை, போல்ட்டைப் பார்த்தால் பொறாமை! அந்தப் பொறாமைக்குக் காரணம் சொல்லத்தான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

என்ன அண்ணே? ஸ்டாண்டு ஏன் காலியாக இருக்கிறதா? ஆமாம், மேடையோரம் பூ சுற்றிய ஸ்டாண்டு நிற்கிறது, அதன்மேல் இருக்க வேண்டிய சேசிஸைக் காணவில்லை. நல்ல கேள்வி. உட்காருங்கள், அதையும் சொல்கிறேன்.

தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. காருக்கு மேலே நாம் பார்த்து மயங்குவது பாடி. அதன் அடியில், யார் கண்ணிலும் படாமல் எஞ்சினையும் சக்கரத்தையும் எல்லார் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருப்பது சேசிஸ் என்னும் அடிச்சட்டம். பழைய கார்களின் அழகு பாடியில் இருக்கிறது, ஆபத்து அடியில் இருக்கிறது. வேகம் எடுத்தால் ஆடும், வளைவில் திரும்பினால் வால் வீசும், பிரேக்கை மிதித்தால் யோசித்துத்தான் நிற்கும். அந்த ஆட்டத்தை அடக்கப் புதிய அடிச்சட்டம் செய்வதே இத்தனை ஆண்டுகளாக என் பிழைப்பு. ஒரு வண்டிக்கு ஒரு சேசிஸ். அளந்து, அறுத்து, வெல்டிங் வைத்து, மாதக்கணக்கில் செய்வேன். வாங்கியவர்கள் எல்லாம் வசதி படைத்தவர்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் உங்களில் பலர்.

அப்படியிருந்த என் பட்டறைத் தெருவுக்கு, என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தாள் இவள். என்ன வேலை பார்த்தாள் தெரியுமா? கடைகளுக்கு இரும்பு ரேக் வரைந்து கொடுத்தாள்! வாங்குகிறவரே வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரே ஸ்பேனரை வைத்து மாட்டிக்கொள்ளும் ரேக்! வந்த புதிதில் என் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, இதை ஏன் வாங்குறவங்களே மாட்டிக்கிற மாதிரி செய்யக் கூடாது?"

"இது என்ன மளிகைக்கடை ரேக்கா? ரோட்டுல போற வண்டிம்மா" என்றேன்.

"ஆமா அக்கா, தெரியும்" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு அடக்கியிருப்பேன். பேசாமல் போய்ச் செய்துவிட்டாளே!

எதை வைத்துச் செய்தாள்? கடைத்தெருவில் கிடைக்கிற குழாய். தட்டையான தகடு. இன்று தெருவில் ஓடுகிற சாதாரண வண்டிகளின் பிரேக், அவற்றின் ஷாக் அப்சார்பர். பாடியில் ஒரு கீறல் விழாது, ஒரு துளை புதிதாகப் போட வேண்டாம், வெல்டிங் வாசனையே கிடையாது. பழைய போல்ட் இருந்த இடத்தில் புது போல்ட். மனசு மாறினால் கழற்றிவிட்டுப் பழைய சட்டத்தையே மாட்டிக்கொள்ளலாம். விலையோ, பேருந்து ஓட்டுகிறவரும் பள்ளி ஆசிரியையும் யோசித்துப் பார்க்கக்கூடிய விலை! என் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனீர்களே, அத்தனை பேரும் விலை கேட்டு அவள் வாசலுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

நான் சும்மா இருப்பேனா? நானும் செய்தேன். மாட்டிக்கொள்கிற சேசிஸ் உனக்கு மட்டும்தான் வருமா என்று வீம்புக்குச் செய்தேன். என் சிவப்பு வண்டியை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தேன். துளை என்றால் துளை, ஊசி நுழைந்தால் நூல் நுழையாது! என் வண்டியில் வைத்தேன், உறையில் கத்தி போட்டதுபோல் உட்கார்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் நம் மஞ்சள் வண்டிக்காரரிடம் கொடுத்தேன். எழுந்திருங்கள் ஐயா, எல்லோரும் பார்க்கட்டும். இவர் வண்டியில் வைத்தால், பின்னால் இரண்டு துளைகள் ஒரு விரல் அளவு தள்ளி நிற்கின்றன! நான் என்ன சொன்னேன்?

"உங்க வண்டிதான் கோணல்" என்றேன்.

அவர் என்ன சொன்னார்?

"அம்பது வருஷமா இப்படித்தாம்மா இருக்கு, ஒழுங்காத்தான் ஓடுது" என்றார்.

அதைத்தான் நான் யோசிக்கவில்லை. அந்தக் காலத்துக் கார்கள் கையால் தட்டிச் செய்தவை. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. நான் ஒரு வண்டியை அளந்து உலகத்தை அளந்துவிட்டதாக நினைத்தேன். இவள் என்ன செய்தாள்? உங்கள் வீட்டுக் கொட்டகை ஒவ்வொன்றிலும் போய்ப் படுத்து, ஊர்ப்பட்ட அழுக்கைத் தலையில் பூசிக்கொண்டு, கோணல் வண்டி, குலுங்கல் வண்டி எல்லாவற்றையும் அளந்தாள். பிறகு வட்டத் துளை போட வேண்டிய இடத்தில் நீளத் துளை போட்டாள். போல்ட் முன்னே பின்னே நகரக் கொஞ்சம் இடம்! இருபுறமும் பல் வெட்டிய தட்டு. வண்டிக்கு ஏற்றபடி நகர்த்தி முடுக்கினால் பல்லும் பல்லும் கடித்துக்கொள்ளும், பிறகு அசையாது. இவ்வளவுதான்! ரேக் செய்தவளுக்குத் தோன்றியது, ரோட்டு வண்டிக்குச் சட்டம் செய்தவளுக்குத் தோன்றவில்லை! அந்த நீளத் துளையைப் பார்க்கும்போதெல்லாம் என் அடிவயிறு பற்றுகிறது. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? என் மூளைக்குள் அன்று யார் தாழ்ப்பாள் போட்டது?

இப்படி எரிந்துகொண்டிருந்தவளிடம் போன கூட்டத்தில் நம் தலைவர் ஐயா என்ன பொறுப்பைக் கொடுத்தார்? "நீங்களே ஓட்டிப் பார்த்து இந்த மேடையில் சரின்னு சொன்னா, சங்கத்துக்கு மொத்தமா செய்யச் சொல்வோம். வேணாம்னு சொன்னா இதோட விட்டுடுவோம்." ஐயா, பல் வைத்தியத்தில் இப்படித்தான் ஆள் பார்த்து முடிவு எடுப்பீர்களா?

இந்தப் பெண் மறு பேச்சில்லாமல், தன்னிடமிருந்த ஒரே ஒரு மாதிரிச் சேசிஸை என் பட்டறையில் கொண்டுவந்து இறக்கினாள். "நல்லா அடிச்சு ஓட்டிப் பாருங்க அக்கா" என்றாள். என் ஒரு சொல்லில் இருக்கிறது இவளுடைய இத்தனை நாள் உழைப்பு. தெரிந்துதான் கைக்குட்டையைப் பிழிகிறாள். பிழியட்டும்!

குறை தேடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கிடைத்தது! நாலு பேரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறக்கினால் சைலன்சர் குழாய் நடுக் குறுக்குச்சட்டத்தில் 'டொக்'கென்று இடித்தது. என் காதில் மேளம் கொட்டினாற்போல் இருந்தது. ஓடினேன் இவள் வீட்டுக்கு. பின்னாலேயே மாமியாரும் வந்தார்.

"உன் சேசிஸ் இடிக்குதும்மா" என்றேன்.

வாதாடுவாள், வண்டிமேல் பழிபோடுவாள், நானும் நாலு கேட்கலாம் என்று நின்றேன். இவள் சொன்னது என்ன?

"அப்படியா அக்கா? எவ்வளவு இடிக்குது, எந்தப் பக்கம்?"

மறுநாளே குறுக்குச்சட்டத்தை வளைத்துப் புதிதாகச் செய்து, என் கொழுந்தன் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டினேன், சத்தம் போச்சு! அரும்பாடு பட்டுக் கண்டுபிடித்த ஒரே ஒரு குறை. அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். மாமியார் அன்று கேட்டார்: "ஏம்மா, சத்தம் நின்னா சந்தோஷப்படணும், நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" அத்தை, அதற்குப் பதில் இன்று சொல்கிறேன். அது சந்தோஷப்படுகிற மூஞ்சி இல்லை!

இன்று காலை கடைசிச் சோதனை. தண்ணீர்த் தொட்டி வளைவு. உங்களுக்குத் தெரியும், அந்த வளைவில் வால் வீசாத பழைய வண்டி கிடையாது. என் சொந்தச் சேசிஸ் போட்டும்கூட என் சிவப்பு வண்டி அங்கே கொஞ்சம் துள்ளும். நான் அதைத் தட்டிக்கொடுத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக் கெஞ்சித்தான் திருப்புவேன். அந்த வளைவுக்குள் வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தேன். வீசட்டும், வீசிவிடு, ஒரே ஒருமுறை வீசு என்று வேண்டிக்கொண்டே நுழைந்தேன்!

வீசவில்லை. துள்ளவில்லை. சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தது. நான் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். ஆமாம், அழுதேன். நான் பெற்ற பிள்ளை என்னிடம் அடங்காமல் அழுதுவிட்டு, சித்தி மடியில் போய் உடனே தூங்கிவிட்டால் தாய்க்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

என்ன, சலசலக்கிறீர்கள்? புரிந்துவிட்டதா? வாசலில் என் சிவப்பு வண்டி நிற்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வந்தீர்கள். பெயின்டைத் தடவினீர்கள், பம்பரில் முகம் பார்த்தீர்கள். ஒருவராவது குனிந்து அடியில் பார்த்தீர்களா? பழைய கார்ச் சங்கமாம்! ஏதோ ஒரு ஓட்டை வண்டியில் மாட்டிச் சோதிப்பேன் என்றுதானே இவளும் நினைத்திருந்தாள்? பாருங்கள், இப்போதுதான் வாயைத் திறக்கிறாள்.

என் கையால் செய்த சேசிஸைக் கழற்றிப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். என் ஓரகத்தி செய்த சேசிஸ்மேல்தான் என் வண்டி நிற்கிறது!

ஆகவே அவையோரே, என் சொல் என்ன? மனம் வந்து சொல்கிறேனா? வரவில்லை! மகிழ்ந்து சொல்கிறேனா? மாட்டேன்! ஆனாலும் சொல்கிறேன்: சரி! செய்யச் சொல்லுங்கள்! வாங்குங்கள், மாட்டுங்கள், வளையுங்கள், வளைவில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்!

கை தட்டுவதை நிறுத்துங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. ஏம்மா, எழுந்து வராதே, உட்கார். விழா முடிந்ததும் மாதிரிச் சேசிஸைக் கழற்றித் தருவேன் என்று நீ நினைத்திருப்பாய். தர மாட்டேன். உனக்கு வேண்டுமென்றால் இன்னொன்று செய்துகொள். கொழுந்தனாரே, கதவோரம்தானே இருக்கிறீர்கள், வந்து இந்த ஸ்டாண்டைத் தூக்கி உள்ளே போடுங்கள், இனி இதற்கு வேலையில்லை.

பொறாமையைப் பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பேசி முடிக்கும்வரை என்னைப் பிடித்து இழுக்காத என் மாமியார்க்கும் நன்றி. வயிறு இன்னும் எரிகிறது. வண்டி நன்றாக ஓடுகிறது. வணக்கம்!