கொண்டுவந்தவர்: ஒரு சீனர்

என் பெயர் தம்பிராஜா, தகப்பனார் மாணிக்கவாசகம், வயது 56, பத்திரிகை நிருபர், வசிப்பது மலாக்கா காஜா பேராங். 13-1-1957 அன்று நான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 8-2-1960 தேதியிட்ட மருத்துவமனைக் கடிதம் உறுதிசெய்கிறது. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் ‘ஒரு சீனர்’ என்று மட்டும் இருக்கிறது. அவர் திரிஷா என்னும் மூன்று சக்கர வண்டி ஓட்டும் டான் ஆ கீ. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன்பே இவ்வூரில் இருந்ததற்கு வேறு சான்று இல்லாமல் அவருடைய குடியுரிமை மனு நிற்கிறது.

அன்று போகி. காலை பத்து மணியளவில் கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் வந்த நான் காய்ச்சலில் தலைசுற்றிக் காஜா பேராங் சாலையோரம் விழுந்தேன். நினைவு இருந்தது, நா எழவில்லை. அதன்பின் தமிழர் இருவர் வந்து நின்றார்கள்.

“காலையிலேயே கள்ளா? போகிக்கு இவனையும் சேர்த்துக் கொளுத்தணும் லா,” என்றார் ஒருவர்.

“நம்ம ஆளுன்னு சொல்லிக்கவே வெட்கம். வாங்கண்ணே.”

போய்விட்டார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. முந்தைய மாதம் புக்கிட் ரம்பாயில் மரத்தடியில் கிடந்த சீனக் கிழவரை அபின் மயக்கம் என்று எண்ணி நானும் சைக்கிளை நிறுத்தவில்லை.

அதன்பின் வந்த ஆ கீ என்னைத் தூக்கிக்கொண்டு, மாவிலைத் தோரணம் கண்ட வீட்டில் என் இனத்தார் இருப்பார்கள் என்று நம்பிக் கதவைத் தட்டினார். அது மலாக்கா செட்டி வீடு. அவர்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். நான் தமிழில் முனகித் தண்ணீர் கேட்டது, கதவைத் திறந்த, கெபாயாச் சட்டை அணிந்த பொன்னம்மாவுக்குப் புரியவில்லை. என் வறண்ட உதடு புரிந்தது. உள்ளே முன்னோருக்கு இலை போட்டிருந்தது. அவர்கள் உண்டு முடியும்வரை படையலை யாரும் தொடுவதில்லை. பொன்னம்மா படையல் இளநீரை எடுத்தார். அவருடைய தம்பி மருதமுத்து தடுத்தார்.

“நேனேக் மோயாங் போலே துங்கு. ஓராங் நி தா போலே,” என்றார் பொன்னம்மா. முன்னோர் காத்திருக்கலாம், இந்த ஆளால் முடியாது என்று பொருள். அந்த இளநீரில் சாம்பிராணி மணந்தது. இன்றும் மறக்கவில்லை.

அதன்பின் ஆ கீ திரிஷாவில் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார், பெயரைக் கேட்கவில்லை. அதுமுதல் ஒவ்வொரு போகிக்கும் இலை எடுத்தபின் நாங்கள் அந்த வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். சம்பலில் காரம் போதாது என்று ஆ கீ வருஷந்தோறும் சொல்வார், பொன்னம்மா வருஷந்தோறும் முறைப்பார்.

மனுமீதான முடிவு 4-3-1960 வெள்ளிக்கிழமை வரவேண்டும். அதுவரை சட்டப்படி அவர் இங்கே அந்நியர்.

மேற்கண்டவை எனக்கு நேர்ந்தவை, நான் கண்டவை. வாசிக்கக் கேட்டேன், மாற்ற ஏதுமில்லை. பதிவேட்டில் விடுபட்ட பெயர் டான் ஆ கீ.

(ஒப்பம்) மா. தம்பிராஜா
10-2-1960